கிளிமஞ்சாரோவுக்கு எந்த வழி? நவம்பர், மூன்று பேர், ஒரு பழுதான முழங்கால்

சமவெளிக்காரன்

வணக்கம். ஒரு மாதமாகப் படித்துப் படித்து மண்டை காய்ந்துவிட்டது, போய் வந்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். நவம்பர் நடுவில் கிளிமஞ்சாரோ ஏற உத்தேசம். நான் (46), மனைவி (42), மச்சினன் (28). விமானத்தில் போகும் வரும் நாட்களைக் கழித்தால் தான்சானியாவில் முழுசாக ஒன்பது நாள் இருக்கும். அந்த மாதத்தை விட்டால் மூன்று பேருக்கும் ஒன்றாக லீவு அமையாது, அதனால் மாதத்தை மாற்றச் சொல்லாதீர்கள்.

சிக்கல் இதுதான். எனக்கு வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து சரியான பழைய கதை உண்டு. ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் உயிர் போகும். மனைவிக்கு நடப்பதில் பயமில்லை, ஆனால் டென்ட், அதைவிட முக்கியமாகக் கழிப்பறை, இந்த இரண்டையும் நினைத்தால் முகம் மாறிவிடுகிறது. மச்சினன் மாரத்தான் ஓடுகிறவன். "மரங்கு வழியில் ஐந்தே நாள், குடிசையில் கட்டில் இருக்கு, செலவும் கம்மி, எதுக்கு எட்டு நாள்?" என்கிறான். விசாரித்த இரண்டு ஏஜென்சிகளில் ஒன்று மசாமே ஆறு நாள் என்கிறது, இன்னொன்று லெமோஷோ எட்டு நாள் என்கிறது. இரண்டுமே தங்களிடம் வருகிறவர்களில் 98 சதவீதம் பேர் உச்சியைத் தொடுகிறார்கள் என்று சத்தியம் செய்கின்றன.

நாங்கள் இதுவரை ஏறியதெல்லாம் 4000 மீட்டருக்குக் கீழேதான். கேள்வி ஒன்றே ஒன்று: இருப்பதில் சுலபமான வழி எது?

கூடாரக்கிளி

மச்சினன் சொல்லும் அதே ஐந்து நாள் மரங்குவில் போய்த் தோற்று வந்தவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரங்கு வழி நடப்பதற்கு உண்மையிலேயே சுலபம். பாதை அகலம், சரிவு மெதுவாக ஏறும், கட்டில் உண்டு, மெத்தை உண்டு, சாப்பாட்டுக் கூடம்கூட உண்டு. அங்கேதான் ஏமாந்தோம். கணக்கைப் பாருங்கள். மரங்கு கேட் 1860 மீட்டர். முதல் இரவு மண்டாரா, 2720. இரண்டாவது இரவு ஹொரோம்போ, 3720. மூன்றாவது இரவு கிபோ குடிசை, 4720. அங்கே தூங்கினோம் என்றுகூடச் சொல்ல முடியாது, சும்மா படுத்திருந்துவிட்டு நடு இரவில் எழுந்து 5895 மீட்டர் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். 3000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பதுதான் மலை மருத்துவத்தில் எல்லோரும் சொல்வது. இங்கே ஒவ்வொரு இரவும் ஆயிரம். கால் நன்றாகத்தான் இருந்தது. தலைதான் இரண்டாகப் பிளந்தது. ஹான்ஸ் மேயர் குகை வரைக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறினேன், கில்மன்ஸ் பாயிண்டில் (5685) கைடு என் முகத்தைப் பார்த்துவிட்டு "போதும்" என்றார். உச்சி இன்னும் இருநூறு மீட்டர்தான், அந்த நேரத்தில் அது இருநூறு கிலோமீட்டர். கில்மன்ஸ் வரைக்கும் போனதற்கும் ஒரு சான்றிதழ் தருகிறார்கள், வீட்டில் அலமாரிக்குள் கிடக்கிறது, மாட்டவில்லை.

மூன்று வருடம் கழித்து லெமோஷோ எட்டு நாளில் போனேன். நடை அதிகம், டென்ட், கழிப்பறை, குளிர், எல்லாமே மரங்குவைவிடக் கஷ்டம். ஆனால் உச்சியில் நின்று கைடுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஷிரா சமவெளியில் 3500, 3800 என்று மெதுவாக ஏறி, ஒருநாள் லாவா டவர் வரை, கிட்டத்தட்ட 4600க்கு, போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கி 3900 சொச்சத்தில் பரான்கோவில் தூங்கினோம். மேலே போ, கீழே தூங்கு, அவ்வளவுதான் விஷயம். உடம்பு அந்த நான்கு நாளில் பழகிவிடுகிறது.

ஆகவே "சுலபமான வழி எது" என்று கேட்காதீர்கள். ஏஜென்சிகளிடம் "ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்குவோம்" என்ற பட்டியலைக் கேளுங்கள். வழியின் பெயர் அதற்கப்புறம். அந்த 98 சதவீதத்தை மறந்துவிடுங்கள். உச்சிக்குக் கீழே இருக்கும் கில்மன்ஸ், ஸ்டெல்லா பாயிண்ட் வரை மட்டும் போனவர்களையும் அதில் சேர்த்தார்களா என்று கேட்டால் பதில் வராது.

பரான்கோ_பைத்தியம்

மசாமே. ஏழு நாள். வேறு பேச்சே இல்லை. லெமோஷோ கடைசியில் வந்து சேர்வதும் இதே பாதையில்தான், எதற்கு ஒரு நாள் கூடுதலாகப் பணம் கட்டுகிறீர்கள்? பரான்கோ சுவர் என்கிற பாறைச் சரிவில் காலையில் கையும் காலும் ஊன்றி ஏறி மேலே போய்ப் பார்த்தால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். கயிறு எதுவும் தேவையில்லை, பயப்படாதீர்கள். ஆறு நாள் மசாமேவை மட்டும் எடுக்காதீர்கள். கரங்கா கேம்ப்பில் தங்காமல் பரான்கோவிலிருந்து நேராக பராஃபு கேம்ப்புக்குப் போய், அன்றே நடு இரவில் உச்சிக்குக் கிளம்புவது கொடுமை.

பொலேபொலே

பரான்கோ_பைத்தியம் சொல்வது செப்டம்பரில் சரி. நவம்பரில்?

இவர் மூன்று விஷயம் எழுதியிருக்கிறார். நவம்பர், இறங்கும்போது வலிக்கும் முழங்கால், ஒன்பது நாள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இதுவரை யாரும் சொல்லாத ரோங்காய்தான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மழை. அந்த மலைக்கு மார்ச் முதல் மே வரை பெரிய மழை, நவம்பரை ஒட்டி ஒரு சின்ன மழை. ஈரக்காற்று பெரும்பாலும் தெற்குப் பக்கமாக வந்து மோதுகிறது, அதனால் மசாமே, உம்ப்வே, மரங்கு பக்கத்துக் காடுகள் நனைந்து கிடக்கும். மசாமே முதல் நாள் நவம்பரில் எப்படி இருக்கும் என்றால், சேற்றில் ஒரு கால் வைத்து இன்னொரு காலை உருவுகிற வேலை. ரோங்காய் கென்யா எல்லைக்குப் பக்கத்தில் வடக்கிலிருந்து கிளம்புகிறது, மலையின் மழை மறைவுப் பக்கம். மழையே வராது என்று சொல்லவில்லை, ஆனால் குறைவு. கூட்டமும் குறைவு.

இரண்டாவது, முழங்கால். எல்லோரும் எந்த வழியில் ஏறலாம் என்றே பேசுகிறோம், இறங்குவது எந்த வழி என்று யாரும் பார்ப்பதில்லை. மசாமே, லெமோஷோ, உம்ப்வே, எதில் போனாலும் இறக்கம் ம்வேகா வழிதான். உச்சி நாளில் 5895லிருந்து ம்வேகா கேம்ப், சுமார் 3100 மீட்டர் வரை, ஒரே நாளில் 2800 மீட்டர் இறக்கம், அதுவும் இரவு முழுக்க ஏறிய பிறகு. கடைசி நாள் இன்னும் 1400 சொச்சம், பத்துக் கிலோமீட்டருக்குள், படிக்கட்டு மாதிரிப் பாதை, மழை என்றால் வழுக்கல். நான் அதில் இறங்கிய பிறகு மலையடிவார ஊரான மோஷியில் ஓட்டல் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன், பொய்யில்லை. ரோங்காயில் ஏறினால் இறக்கம் மரங்கு வழி. உச்சி நாளில் ஹொரோம்போ வரை, அதாவது 2200 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாள் 1860 மீட்டர் இறக்கம் பாக்கி இருக்கும், ஆனால் அது இருபது கிலோமீட்டர் சுமாரான அகலப் பாதையில் பரவிக் கிடக்கிறது. மொத்த இறக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பங்கு பிரித்திருக்கும் விதம்தான் வேறு. உங்கள் முழங்காலுக்கு அது பெரிய வித்தியாசம்.

ஏழு நாள் ரோங்காய் எடுங்கள். முதல் இரவு சிம்பா கேம்ப், 2600 சொச்சம். இரண்டாவது கிகெலெல்வா, 3600 அளவு. மூன்றாவதும் நான்காவதும் மவென்சி டார்ன், 4300. அந்த நான்காவது நாள்தான் ஓய்வு நாள். ஓய்வு என்றால் படுத்துக்கொள்வதில்லை, பக்கத்து முகட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் ஏறி இறங்க வேண்டும். ஆறு நாள் திட்டத்தில் இதைத்தான் வெட்டுவார்கள், விடாதீர்கள். ஐந்தாவது இரவு கிபோ கேம்ப். மவென்சி டார்ன் இருக்கும் இடம் மாதிரி இந்த மலையில் இன்னொரு இடம் கிடையாது. தலைக்கு மேலே கிளிமஞ்சாரோவின் இரண்டாவது சிகரமான மவென்சியின் உடைந்த பாறைக் கோபுரங்கள் (அது 5149 மீட்டர், அதில் ஏறப் பாறை ஏறத் தெரிந்திருக்க வேண்டும், நமக்கல்ல), கீழே ஒரு சின்னக் குளம். மறுநாள் மவென்சிக்கும் உச்சி இருக்கும் கிபோ சிகரத்துக்கும் நடுவில் புல்கூட இல்லாத பாலைவெளியைக் கடப்பீர்கள், பாதி நாள் நடந்தும் கிபோ பக்கத்தில் வராதது போலவே இருக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கிகெலெல்வாவிலிருந்து மவென்சி டார்ன் ஒரே நாளில் 700 மீட்டர் தாவல், லெமோஷோ அளவுக்கு மென்மையான ஏற்றம் இல்லை. கிபோவிலிருந்து கில்மன்ஸ் வரை உள்ள சரளைச் சரிவு, பராஃபுவிலிருந்து ஸ்டெல்லா போகும் வழியைவிடச் செங்குத்து. ஓர் அடி வைத்தால் அரை அடி வழுக்கும். இறங்கும்போது அதே சரளை முழங்காலுக்கு மெத்தை.

சமவெளிக்காரன்

அடேயப்பா. இறக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி.

இரண்டு கேள்வி பாக்கி. மச்சினன் விடுகிறதாக இல்லை, "உடம்பு ஃபிட்டா இருந்தா உயரம் ஒண்ணும் பண்ணாது" என்கிறான். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் நாளைக் குறைக்கலாமா என்றும் கேட்கச் சொன்னான். இரண்டாவது பணம். ஏழு நாளுக்குத் தலைக்கு 1150 டாலர் என்கிறார் ஓர் ஏஜென்சிக்காரர், இன்னொருவர் 2200 என்கிறார். ஒரே மலை, ஒரே பாதை, எப்படி?

மருந்துப்பெட்டி

மாத்திரை விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். நான் மலை மருத்துவ நிபுணன் இல்லை, பொது மருத்துவன், இரண்டு முறை அங்கே போனவன்.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. அதற்கு உடம்பு பழகுவதும் ஓட்டப் பயிற்சியும் வேறு வேறு. உடல் வலு இருக்கிறவனுக்கு உயர நோய் வராது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பார்க்கப்போனால் வலு உள்ளவர்கள் வேகமாக நடந்துவிடுகிறார்கள், தலைவலியை வெளியே சொல்வதும் இல்லை, அதனாலேயே மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மூவரில் கைடு அதிகம் கவனிக்க வேண்டியது மச்சினனைத்தான். பொலேபொலே என்று ஒருவர் பெயர் வைத்திருக்கிறாரே, ஸ்வாஹிலியில் மெதுவா மெதுவா என்று அர்த்தம், அதைத்தான் கைடுகள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டயமாக்ஸ் என்பது அசிட்டசோலமைடு. மூச்சை ஆழமாக்கி, பழகும் வேலையைக் கொஞ்சம் வேகப்படுத்துகிறது. பழகவே நேரம் கொடுக்காமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஓட முடியாது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளே ஆரம்பிப்பது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், மற்றவர்களும் கேட்டுவிட்டே போடுங்கள். விரல் நுனி ஊறும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா குடித்தால் ருசி கெட்டுப்போயிருக்கும். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது, மலையில் வந்து புது மருந்தைச் சோதிக்க வேண்டாம்.

லேசான தலைவலி, பசியின்மை என்றால் அதே உயரத்தில் நிற்கலாம், ஏறக் கூடாது. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொல்லுங்கள், குடித்தவன் மாதிரித் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் நுரையோடு வந்தாலோ அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்ததாக இருக்கலாம். விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே கீழே இறங்க வேண்டும். இதில் யாரும் யாரிடமும் வாதாடக் கூடாது என்று மூவரும் ஊரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீட்டில் 6000 மீட்டர் வரை நடைப்பயணம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகள் 4000க்கு மேல் கைவிரித்துவிடும்.

கூடாரக்கிளி

பணக் கதையை நான் சொல்கிறேன். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். நான் கடைசியாகப் போனபோது பூங்காக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர், கேம்ப் ஓர் இரவுக்கு 50, மீட்புக் கட்டணம் ஒரு முறை 20. ஏழு நாள், ஆறு இரவு என்றால் 490, 300, 20, ஆக 810. அதன் மேல் 18 சதவீதம் வரி, 956 டாலர் ஆச்சு. இதை யாரும் குறைக்க முடியாது, நேராகப் பூங்காவுக்குப் போகிறது. 1150க்கு விற்கிறவரிடம் தலைக்கு மிச்சம் 194 டாலர், மூவருக்கும் சேர்த்து 582 இருக்கிறது. அதில் ஏழு நாள் சாப்பாடு, வண்டி, டென்ட், கைடு, சமையல்காரர், உங்கள் மூவருக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறையாத ஆட்களின் சம்பளம். எங்கே கை வைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் முதல் பயணத்தில் எங்கள் போர்ட்டர் ஒருவர் கிழிந்த ஷூவில் வந்தார், அவர்களுக்கு நாளைக்கு ஒரு வேளை, ராத்திரிச் சாப்பாடு மட்டும்தான் என்று மூன்றாவது நாள்தான் எனக்குத் தெரிந்தது. மலிவாகப் பிடித்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம் அதுவரைக்கும். தண்ணீரைக்கூடக் கீழிருந்து அவர்கள்தான் சுமந்து வருகிறார்கள், கிபோவில் தண்ணீரே கிடையாது.

கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, போர்ட்டர்களுக்குச் சம்பளம், சாப்பாடு, டென்ட் ஒழுங்காகக் கொடுக்கிற ஏஜென்சிகளின் பட்டியல் அவர்களிடம் உண்டு. அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஒரு போர்ட்டர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ வரம்பு, கேட்டில் தராசு இருக்கும். உங்கள் பை 15 கிலோவுக்குள் இருக்கட்டும். கைடு இல்லாமல் தனியாக ஏற விதி இடம் தராது, அதனால் அதில் மிச்சம் பிடிக்கும் யோசனையும் வேண்டாம்.

உங்கள் மனைவிக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொதுக் கழிப்பறைகள் பெரும்பாலும் குழி போட்ட மரக் கொட்டகைகள், சுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டாம். தனி டாய்லெட் டென்ட் என்று கேளுங்கள், சின்ன கெமிக்கல் டாய்லெட் உள்ளே இருக்கும், அதைச் சுமக்க ஒருவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டும், கொடுத்துவிடுங்கள். டயமாக்ஸ் போட்டால் இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும், மைனஸ் குளிரில் டென்டை விட்டு வெளியே போக மனசே வராது. அகல வாய் பாட்டிலும் பெண்களுக்கான புனலும் வாங்கி வீட்டிலேயே பழகிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மாதவிடாய் தேதி உயரத்தில் முன்னே பின்னே ஆகும், கணக்கை நம்பாமல் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். எனக்கு இதை யாரும் முன்னாடியே சொல்லவில்லை.

பரான்கோ_பைத்தியம்

சரி, நவம்பர் என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், ரோங்காயை ஒத்துக்கொள்கிறேன். பரான்கோவைப் பார்க்காமல் வருவது பாவம்தான். மச்சினனுக்கு அவ்வளவு ஆசை இருந்தால் முன்னாடியே வந்து பக்கத்து மேரு மலையில் ஏறட்டும், 4500 மீட்டருக்கு மேலே, துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சர் கூட வருவார், எருமையும் ஒட்டகச்சிவிங்கியும் பார்க்கலாம். உயரமும் பழகிவிடும், கொழுப்பும் இறங்கும்.

சமவெளிக்காரன்

முடிவு செய்துவிட்டோம். ரோங்காய், ஏழு நாள், முன்னால் ஒரு நாள் பின்னால் ஒரு நாள் மோஷியில். 1150க்காரரிடம் அந்த 956 கணக்கைக் காட்டினேன், இதுவரை பதில் இல்லை. டாய்லெட் டென்ட் என்றதும் மனைவி கையெழுத்துப் போடாத குறை. மச்சினனை நேர்கோட்டில் நடக்கச் சொல்லி இப்போதே தினமும் கிண்டல் செய்துகொண்டிருக்கிறோம்.

முழங்காலுக்கு வேறு ஏதாவது செய்யலாமா? அப்புறம் அவன் ரன்னிங் ஷூவிலேயே வரலாமா என்று கேட்கிறான்.

பொலேபொலே

இரண்டு ட்ரெக்கிங் போல், கட்டாயம். இறங்கும்போது நான்கு விரல்கடை நீளமாக்கிக்கொள்ளுங்கள். இன்னும் நாள் இருக்கிறது, லிஃப்ட்டில் மேலே போய்ப் படியில் இறங்கிப் பழகுங்கள், முதுகில் ஐந்து கிலோ பையோடு. தொடைத் தசை வலுத்தால் முழங்கால் பாரம் குறையும். உச்சி இரவில் தண்ணீர்ப் பை குழாய் உறைந்துவிடும், பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேலே இருக்கும் அடிப்பக்கம்தான் முதலில் உறையும், வாய் தப்பிக்கும். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். விமானம் ஆதிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ மாறுகிறதா? நடுவில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ரன்னிங் ஷூ முதல் நாள் காட்டுக்குள் போதும். கிபோவில் நடு இரவில் உங்கள் பூட்ஸைக் கேட்பான், கொடுக்காதீர்கள்.